பத்தொன்பதாவது நிலையம்

ஜூலை ஒன்பதாம் தேதி காலை எட்டே முக்கால் மணிக்கு, மோரோ ஃபிரியோ வானிலை நிலையத்தின் முற்றத்தில் இருந்தவர்கள்:

ஜெனேசியோ, துறை அலுவலர், நிலையத்தை மூட வந்தவர்.
அடெமார், நிலையக் கண்காணிப்பாளர்.
நீலோ, லாரி ஓட்டுநர்.
ஜிலா, ஊர்ப் பத்திரப் பதிவாளர், முதல் சாட்சி.
ஒடெட்டி, பக்கத்து வீடு, இரண்டாம் சாட்சி.
கர்னல்.

ஆறாவது பெயரோடு பேனா நின்றுவிட்டது. ஜெனேசியோ அதை உதறினார், வாயால் ஊதினார், காகிதத்தின் ஓரத்தில் வட்டம் வட்டமாகக் கிறுக்கினார். ஒன்றும் விழவில்லை. பூமியின் தென்பாதியில் ஜூலை நடுக் குளிர்காலம்; மை உள்ளேயே கெட்டியாகியிருந்தது. தான் கடைசியாக எழுதியதை அப்போதுதான் அவர் படித்துப் பார்த்தார்.

"யாரு இந்தக் கர்னல்?"

ஜிலா முகவாயால் காட்டினார். முற்றத்து மூலையில் ஒரு பழைய சாம்பல் நிற லாரி நின்றது. நான்கு டயர்களும் பாதிக்குமேல் மண்ணில் புதைந்திருந்தன. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் கம்பிவலை. உள்ளே கோழிகள். கூரைமேல் ஒரு சிவப்புச் சேவல் ஒற்றைக் காலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சேவலையா மேடம் எழுதச் சொன்னீங்க?"

"முற்றத்துல இருக்கிற எல்லாரு பேரும் வேணும்னு நீங்கதானே சார் கேட்டீங்க. இங்க வழக்கமா எழுதுறதுதான்."

ஜெனேசியோவுக்கு வாதாட நேரமில்லை. நாற்பத்து நான்கு வயதில், இரண்டு வருடமாக அவர் செய்யும் ஒரே வேலை நிலையங்களை மூடுவது. பதினெட்டு முடிந்துவிட்டது. உத்தரவைப் படிக்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், கருவிகளை லாரியில் ஏற்ற வேண்டும், கதவைப் பூட்ட வேண்டும். நாற்பது நிமிடம். யாரும் பெரிதாக எதிர்த்ததில்லை. ஓரிடத்தில் மட்டும் மழைமானியில் மிளகாய்ச் செடி வைத்திருந்த கண்காணிப்பாளர், காய் பறிக்கும்வரை பொறுக்கச் சொன்னார்.

பட்டியலில் இருந்த பத்தொன்பதையும் மூடினால் கடற்கரை அலுவலகத்தில் ஒரு மேசை. மேலாளர் பெரிக்கிளிஸ் அதைப் படமெடுத்தே அனுப்பியிருந்தார். மேசைக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் கடல். இரண்டு வருடமாக விடுதிப் படுக்கையில் படுத்து, விடுதிச் சோற்றைத் தின்று வயிறு கெட்ட மனிதருக்கு அந்த ஜன்னல் பெரிய விஷயம். படத்தைப் பணப்பையில் மடித்து வைத்திருந்தார்.

மோரோ ஃபிரியோதான் பத்தொன்பதாவது.

"சார்," என்று துறை லாரிக்கு அடியிலிருந்து நீலோவின் குரல் வந்தது. "ஒரு சின்னப் பிரச்சினை."

"சின்னதா?"

"ரேடியேட்டர் வாயைப் பிளந்துருச்சு. தண்ணி மொத்தமும் ஐஸாகி நிக்குது."

கடற்கரையில் ஓடும் லாரி அது. உறையாத திரவம் என்று ஒன்று இருப்பதே அதற்கும் தெரியாது, நீலோவுக்கும் தெரியாது. முந்தின நாள் மாலை வந்து இறங்கியபோது, "கொட்டகைக்குள்ள விடட்டுமா?" என்றுதான் நீலோ கேட்டான். அடெமார்தான், "வேணாம், இங்க பள்ளத்துல, கோழி லாரி பக்கத்துல விடுப்பா. எப்பவும் இங்கதான் நிறுத்துறது" என்று காட்டிவிட்டார்.

"மெக்கானிக் இருக்காரா?"

"இருக்கான்," என்றார் அடெமார். "வியாழக்கிழமை வருவான்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

அடெமாருக்கு அறுபத்தி மூன்று வயது. உயரமான, ஒட்டிய உடம்பு. போஞ்சோ என்ற கம்பளிப் போர்வைக்குள் கைகளை மறைத்துக்கொண்டு, யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்போல முகமலர்ச்சியோடு நின்றார். வேலை போகப்போகிற மனிதர் இப்படிச் சிரித்து ஜெனேசியோ பார்த்ததில்லை. அவருக்கு அது கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

"லாரியை அப்புறம் பாப்போம். முதல்ல பதிவேட்டை முடிப்போம். வேற பேனா இருக்கா யார்கிட்டயாவது?"

நீலோவிடம் ஒன்று இருந்தது. அதுவும் எழுதவில்லை. ஜெனேசியோவின் பையில் மூன்று இருந்தன. மூன்றும் எழுதவில்லை.

"அடுப்புல காட்டினா இளகிரும் தம்பி," என்றார் அடெமார். "சமையலறைக்கு வாங்க. மாத்தே போட்டாச்சு."

ஜெனேசியோ எச்சரிக்கையான ஆள். உள்ளே போகுமுன் விரலை நீட்டிச் சொன்னார்: "இந்த நிமிஷத்துலேருந்து நீங்க இங்க எதையும் தொடக்கூடாது, அடெமார். ஒரு ஆணியைக்கூட. எல்லாம் என் பொறுப்பு."

"சரி தம்பி. தொடலை."

சமையலறையில் விறகடுப்பு திகுதிகுவென எரிந்தது. அடுப்பின் இரும்புத் தட்டில் பைன் கொட்டைகள் வெடித்துக்கொண்டிருந்தன. ஐந்து பேனாக்களையும் அவற்றுக்குப் பக்கத்திலேயே வரிசையாக அடுக்கினார்கள். ஒடெட்டி சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றி, உறிஞ்சும் குழலை ஜெனேசியோ பக்கம் திருப்பிக் கொடுத்தார். மாத்தே இலை ஊறிய கசப்பான சூடான தேநீர். தொண்டை வழியாக இறங்கும்போதே கால்விரல்வரை உயிர் வந்தது. "நன்றி" என்று சொல்லிக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தார்.

அதோடு அவருக்கு மாத்தே முடிந்துவிட்டது. குடுவை ஜிலாவிடம் போனது, நீலோவிடம் போனது, அடெமாரிடம் போனது, அவரைத் தாண்டி மறுபடி ஜிலாவிடம் போனது. மூன்றாவது சுற்றில் நீலோதான் அவர் காதருகே குனிந்தான்.

"நன்றி சொன்னா போதும்னு அர்த்தமாம் சார். எனக்கும் இப்பத்தான் தெரியும்."

"நீ சொல்லலையா?"

"நான் என்னைக்கு சார் நன்றி சொல்லியிருக்கேன்."

ஒடெட்டி அதிகம் பேசாதவர். அறுபதைத் தாண்டிய, அகன்ற தோள்களுள்ள பெண். அந்தக் கோழிகள் அவருடையவை. அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஜெனேசியோவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்:

"ஒரு நாளைக்கு எத்தனை முட்டை சாப்பிடுவீங்க?"

"ரெண்டு."

"ம்," என்றார் ஒடெட்டி. மனதுக்குள் எதையோ கூட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. காலை உணவைப் பற்றித்தான் கேட்கிறார் என்று ஜெனேசியோ நினைத்துக்கொண்டார்.

முதலில் பிளாஸ்டிக் வாடைதான் வந்தது. பிறகுதான் பார்த்தார்கள். நான்கு பேனாக்கள் வளைந்து, கொட்டைகளோடு ஒட்டி, நீல நிறத்தில் குமிழிவிட்டுக்கொண்டிருந்தன. ஐந்தாவதை நீலோ துணியால் பிடித்து எடுத்தான். அது எழுதியது. கடிகாரத்தில் ஒன்பதே கால்.

எல்லாரும் முற்றத்துக்கு ஓடினார்கள். ஜெனேசியோ பதிவேட்டில் சேவலுக்கு அடுத்த வரிக்கு வந்தார்.

"கடைசி அளவு, ஒன்பது மணி. சொல்லுங்க அடெமார்."

"எடுக்கலையே தம்பி."

"என்ன எடுக்கலை?"

"அளவு. நீங்கதானே ஒரு ஆணியைக்கூடத் தொடாதேன்னீங்க."

மூடும் நாளில் கடைசி அளவு ஒன்று எடுத்து, கையெழுத்துப் போட்டு, பதிவேட்டில் ஏற்றினால்தான் மூடியது செல்லும். அளவு எடுக்கும் நேரம் ஒன்பது, பிறகு மூன்று, பிறகு இரவு ஒன்பது. இடையில் எடுத்தால் கணக்கில் வராது. ஜெனேசியோவுக்கு விதி மனப்பாடம். அதுதான் அவருடைய பலவீனமும்.

"அப்ப மூணு மணிக்கு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மத்தியானம் ஆட்டுக்கறி," என்றார் ஒடெட்டி.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. இரண்டு வருடத்தில் முதன்முறையாக ஜெனேசியோ வயிற்றைப் பிடிக்காமல் சாப்பிட்டு எழுந்தார். ஆனால் நிம்மதியில்லை. எல்லாரும் இவ்வளவு அனுசரணையாக இருப்பது அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. இந்த ஊருக்கு இந்த நிலையம் எவ்வளவு வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. நாட்டிலேயே குளிரான ஊர் எது என்பதில் மோரோ ஃபிரியோவுக்கும், மலைக்கு அந்தப் பக்கத்துச் சாந்தா குளோதிலுக்கும் பரம்பரைச் சண்டை. தினமும் மாலை ஐந்து மணிக்கு வானொலியில் இரண்டு ஊரின் எண்களையும் வாசிப்பார்கள். தோற்ற ஊர்க்காரன் அடுத்த நாள் ஜெயித்த ஊரின் சந்தைக்குப் போகமாட்டான். நிலையம் மூடினால் மோரோ ஃபிரியோவுக்கு எண்ணே கிடையாது.

ஆகவே அவர் கரண்டியை வைத்துவிட்டு, நேராகவே கேட்டார்.

"அடெமார், உங்களுக்கு இதுல ஏதாவது மனவருத்தம் இருந்தா எழுத்துல கொடுத்துருங்க. நான் வாங்கிக்கிறேன். கடைசி நேரத்துல தகராறு வேணாம்."

"எழுத்துலயா? இதோ," என்று அடெமார் எழுந்து போய், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். ஓரமெல்லாம் பழுத்து மஞ்சளாகியிருந்த தாள்.

ஜெனேசியோவிடம் ஒரு பழக்கம் இருந்தது. காகிதம் கைக்கு வந்தால், முதலில் "பெற்றுக்கொண்டேன்" முத்திரையைக் குத்தித் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். படிப்பது பிறகு. பதினெட்டு நிலையத்திலும் அப்படித்தான். குத்தினார். கையெழுத்திட்டார். படித்தார்.

"இது ராஜினாமாக் கடிதம்."

"ஆமா தம்பி."

"யாரோடது?"

"என்னோடதுதான். துறை அலுவலர் ஒருத்தர் கையில நேர்ல கொடுத்தாத்தான் செல்லும்னு விதி. எழுதி இழுப்பறையில வச்சு ரொம்ப நாளாச்சு. ஒருத்தரும் மலையேறி வரலை." அடெமார் நாற்காலியில் சாய்ந்து கால்களை நீட்டினார். "அப்பாடா."

"என்ன அப்பாடா? மூணு மணிக்கு அளவு யாரு எடுக்கிறது?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் இப்ப வேலையில இல்லையே."

ஜெனேசியோ ஜிலாவைப் பார்த்தார். ஜிலா முத்திரையின் தேதியைப் படித்துப் பார்த்து, "செல்லும்" என்று தலையாட்டினார்.

கைபேசிக்கு அந்த மலையில் ஒரே ஓர் இடத்தில்தான் இணைப்பு கிடைக்கும். கோழி லாரியின் கூரை. ஜெனேசியோ அலுவலகக் கால்சட்டையோடு அதன் பானட்டில் கால் வைத்து ஏறினார். கதவில் எச்சத்துக்கு அடியில் ஏதோ ஒரு சின்னம் தெரிந்தது. விரலால் சுரண்டினார். அவருடைய துறையின் சின்னம்.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்று மேலிருந்து கத்தினார்.

"அது பெரிய கதை," என்றார் அடெமார் கீழிருந்து. "முதல்ல பேசி முடிங்க, இணைப்பு போயிரும்."

கர்னல் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஜெனேசியோ ஒரு கையால் சேவலைத் தள்ளிக்கொண்டு மறுகையால் மேலாளரை அழைத்தார்.

"என்னய்யா அங்க கோழிச் சத்தம்?" என்றார் பெரிக்கிளிஸ்.

ஜெனேசியோ நடந்ததைச் சொன்னார்.

"நீ ஏன்யா படிக்காம குத்துறே?"

"பழக்கம் சார்."

"சரி விடு. சின்ன விஷயம். நீயே தற்காலிகக் கண்காணிப்பாளரா பொறுப்பு எடுத்துக்கோ. பதிவாளர் முன்னாடி உறுதிமொழி, ஒரு கையெழுத்து. மூணு மணிக்கு அளவை எடு, மூடிட்டு வா. கடல் காத்துக்கிட்டிருக்கு."

கீழே இறங்கும்போது கால்சட்டை கம்பிவலையில் மாட்டி முழங்காலில் கிழிந்தது. ஒடெட்டி உள்ளே போய், தடித்த கம்பளிக் கால்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

"சார், நீங்க மேல ஏறினா கோழி மிரண்டு முட்டை விடாது," என்று மட்டும் சொன்னார்.

உறுதிமொழியை எழுத, பிழைத்த அந்த ஒரு பேனாவைத் தேடினார்கள். முற்றத்து மேசைமேல் வைத்திருந்த அதில் மறுபடி மை இறங்கவில்லை. ஜிலா போஞ்சோவுக்குள் கைவிட்டு, கக்கத்திலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். வெதுவெதுவென்று இருந்தது. தொட்டதும் எழுதியது.

"இது காலையிலேருந்து உங்ககிட்டயா இருந்துச்சு?"

"ஆமா."

"நான் கேட்டேனே, யார்கிட்டயாவது பேனா இருக்கான்னு."

"வேற பேனான்னு கேட்டீங்க. இது எப்பவும் இருக்கிற பேனா."

ஜிலா தடித்த புத்தகத்தை விரித்தார். இடது பக்கம் முழுவதையும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, வலது பக்கத்தைக் காட்டினார். அங்கே உறுதிமொழி முழுவதும் அழகான கையெழுத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"ரொம்ப வேகமா இருக்கீங்க மேடம்."

"எங்க ஊர்ல வேலை கம்மி சார்."

கையெழுத்திட்டார். ஜிலா உடனே தன் சின்னக் காரில் ஏறி, நகலைத் தலைமையகத்துக்கு அனுப்பப் பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டார். இவ்வளவு பொறுப்பான ஊழியரை எங்கும் பார்த்ததில்லை என்று ஜெனேசியோ நினைத்தார்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் வெள்ளைக் கூண்டின் முன் போய் நின்றார். நான்கு கால்மேல் நிற்கும் மரப்பெட்டி. காற்று புகவும் வெயில் புகாமலிருக்கவும் நான்கு பக்கமும் சாய்வுப் பலகைகள். இந்த மாதிரிக் கூண்டுகள் பதினெட்டைக் கழற்றி லாரியில் ஏற்றியிருக்கிறார். ஒன்றைக்கூட அளவு பார்க்கத் திறந்ததில்லை.

"நான் பேசலாமா?" என்றார் அடெமார் வேலிக்கு வெளியே நின்று. "வேலையில இல்லாத ஆளு சொல்றேன்னு நினைக்காதீங்க."

"சொல்லுங்க."

"கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி மூச்சை அடக்கணும். உங்க மூச்சு பட்டா ஏறிரும். கண்ணு பாதரசத்துக்கு நேரா இருக்கணும், மேலேருந்து பாக்கக்கூடாது. முதல்ல புள்ளிக்குப் பின்னாடி இருக்கிற எண்ணைப் படிங்க, அப்புறம் முழு எண்ணு."

ஜெனேசியோ மூச்சை அடக்கிக் கதவைத் திறந்தார். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. நிமிர்ந்து நிற்கும் வெப்பமானி எட்டு புள்ளி நான்கு. ஈரத்துணி சுற்றியது ஐந்து புள்ளி ஒன்று. கீழே படுக்கவைத்திருந்த இன்னொன்றில், பாதரசத்துக்குப் பதில் இருந்த ஆல்கஹாலுக்குள் ஒரு கறுப்பு ஊசி தனியே நின்றது.

"அது என்ன? அந்த ஊசி?" மூச்சை விடாமல் கேட்டதால் குரல் கோழி மாதிரி வந்தது.

"ராத்திரிக் குளிர் எதுவரைக்கும் இறங்குச்சோ அங்கேயே நிக்கும். யாராவது சாய்ச்சு விடுறவரைக்கும் நகராது. காலையில யாரும் தொடலையே. அப்படியே இருக்கும்."

அவர் குனிந்தார். மறுபடி குனிந்தார். காற்று போதாமல் முகம் சிவந்தது. கதவைச் சாத்திவிட்டு ஒரே மூச்சாக விட்டார்.

"மைனஸ் ஆறு பாயின்ட் ஒண்ணு."

அடெமார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"சாந்தா குளோதில்ல எவ்வளவாம்?" என்று ஜெனேசியோ கேட்டார். கேட்ட பிறகுதான், அதைக் கேட்கவேண்டிய அவசியம் தனக்கில்லை என்று தோன்றியது.

"அஞ்சு மணிக்குத்தான் தெரியும்."

இனி ஒரே வேலைதான் பாக்கி. ஜிலா திரும்பி வந்ததும் பதிவேட்டைத் திறந்தார்கள். நிலையத்தின் சாவியை ஒப்படைப்பவர், கண்காணிப்பாளர்: ஜெனேசியோ. கையெழுத்திட்டார். சாவியைப் பெற்றுக்கொள்பவர், துறை அலுவலர்: ஜெனேசியோ. பேனாவை அடுத்த வரிக்குக் கொண்டுபோனார்.

ஜிலா பதிவேட்டை மூடினார். ஜெனேசியோவின் விரல் உள்ளே இருந்தது.

"ஆ. மேடம்."

"கொடுக்கிற கையும் வாங்கிற கையும் ஒண்ணா இருக்கக் கூடாது சார்."

"நான்தானே ரெண்டும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அப்ப இந்தச் சாவியை நான் யார்கிட்டத்தான் கொடுக்கிறது?"

"துறை அலுவலர்கிட்ட."

"நான்தான்மா துறை அலுவலர்."

"மத்தியானம் வரைக்கும்," என்றார் ஜிலா பரிவோடு.

நீலோவை ஒரு நாள் அலுவலராக ஆக்கிவிடலாமா என்று ஜெனேசியோ பார்த்தார். நீலோ இரண்டு கைகளையும் உயர்த்தினான். "சார், எனக்கு லாரி ஓட்டத்தான் அதிகாரம். அந்த லாரியும் இப்ப ஓடலை. என்னை விட்டுருங்க."

ஜெனேசியோ மறுபடி லாரிக் கூரையில் ஏறினார். இந்த முறை பானட்டில் எந்த இடத்தில் கால் வைக்கவேண்டும் என்று தெரிந்திருந்தது. கர்னலும் ஒதுங்கி இடம் கொடுத்தது.

"ஜெனேசியோ, நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றார் பெரிக்கிளிஸ். "என்னய்யா பண்ணி வச்சிருக்கே?"

"நீங்க சொன்னதைத்தான் சார்."

"மோரோ ஃபிரியோ பட்டியல்லேருந்து போயிருச்சு."

"எங்க போச்சு?"

"மூடுற பட்டியலே கண்காணிப்பாளர் பணியிடம் காலியாகப் போற நிலையங்களோட பட்டியல்தான்யா. அந்த ஆளுக்கு ஓய்வு வயசு தாண்டிருச்சு, அதான் இதுவும் இருந்துச்சு. இப்ப பதிவாளர் முத்திரையோட நகல் வந்துருச்சு. கணினி உன் பேரை ஏத்திருச்சு. பணியிடம் நிரம்பிருச்சு. நிலையம் செயல்படுதுன்னு காட்டுது. இங்கே பதினெட்டுதான் இருக்கு, பத்தொன்பது இல்லை."

"அப்ப நான் இப்பவே ராஜினாமா பண்றேன் சார்."

"பண்ணு. துறை அலுவலர் கையில நேர்ல கொடு."

"அவர் எங்க இருக்கார்?"

"அங்க வரும்போது இருப்பார்."

"எப்ப வருவார்?"

இணைப்பில் காற்றுச் சத்தம் கேட்டது. "நிலையத்தை மூட யாரையாவது அனுப்பும்போது," என்றார் பெரிக்கிளிஸ்.

"சார், அந்த மேசை. அந்த ஜன்னல்."

"பத்தொன்பது மூடினாத்தான்னு சொல்லியிருந்தேன் இல்லையா," என்றார் பெரிக்கிளிஸ். அவர் கெட்டவர் இல்லை. குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. இணைப்பு போனது.

ஜெனேசியோ கூரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கீழே கோழிகள் கொக்கரித்தன. கைபேசி மறுபடி அடித்தது. மேலாளர் மனம் மாறிவிட்டார் என்று பாய்ந்து எடுத்தார். வானொலி நிலையம்.

"மோரோ ஃபிரியோவா? இனிமே இந்த நம்பர்தான்னு பதிவாளரம்மா சொன்னாங்க. அஞ்சாகப் போகுது, இன்னும் எண்ணு வரலையே. நேத்து ராத்திரி எவ்வளவு?"

கூப்பிட்ட ஆளைத் திட்டத்தான் வாயைத் திறந்தார். அந்தக் கறுப்பு ஊசி கண்முன் வந்து நின்றது.

"மைனஸ் ஆறு பாயின்ட் ஒண்ணு."

"நிச்சயமா? அடெமார் மாதிரி குரல் இல்லையே. யாரு பார்த்தது?"

"நான்தான் பார்த்தேன். ஜெனேசியோ. ரெண்டு தடவை குனிஞ்சு பார்த்தேன்."

ஐந்து மணிக்கு ஒடெட்டி சமையலறை ஜன்னலில் வானொலியை வைத்தார். கூரையில் இருந்தவருக்கும் நன்றாகக் கேட்டது. சாந்தா குளோதில், தானியங்கிக் கருவி, மைனஸ் ஐந்து புள்ளி எட்டு. மோரோ ஃபிரியோ, கண்காணிப்பாளர் ஜெனேசியோ, மைனஸ் ஆறு புள்ளி ஒன்று. நாட்டிலேயே இன்றைய குறைந்த வெப்பநிலை.

மலைச்சரிவில் ஊர்ப்பக்கமிருந்து ஒரு கார் ஹார்ன் அடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு தேவாலய மணியை யாரோ நேரங்கெட்ட நேரத்தில் இழுத்தார்கள். கீழே நீலோ ஜிலாவோடு கைகோத்து ஆடிக்கொண்டிருந்தான். நாற்பத்து நான்கு வருடத்தில் ஜெனேசியோவின் பெயரை யாரும் எதிலும் வாசித்ததில்லை. அவர் கூரைமேல் எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் கையை ஆட்டினார். ஊர்ப்பக்கமிருந்து ஐந்தாறு ஹார்ன்கள் ஒன்றாக அடித்தன. கர்னல் கூவியது.

"சார்," என்றார் ஒடெட்டி ஜன்னலிலிருந்து. "கோழி."

அவர் இறங்கி வந்தபோது அடெமார் கதவருகே தயாராக நின்றார். கழுத்துவரை பொத்தான் போட்டு, தலைவாரி, கையில் பெட்டியோடு. பூட்டும் கட்டும் பளபளவென்று எண்ணெய் போட்டுத் துடைத்திருந்த பழைய பெட்டி. அவசரத்தில் கட்டியதாகத் தெரியவில்லை.

"ஆறு மணி பஸ்ஸு தம்பி. தங்கச்சி கடற்கரையில இருக்கா. எத்தனையோ வருஷமா கூப்பிடுறா. படுக்கை விரிச்சிருக்கு. இரவு ஒன்பது மணி அளவுக்கு விளக்கு ஆணியில தொங்குது. வானத்தைப் பாருங்க, ஒரு மேகம் இல்லை. இன்னைக்கு ஏழு தொடும்."

"தொடுமா?"

"காத்து நின்னா தொடும்."

ஜெனேசியோ பணப்பையிலிருந்து மடித்த படத்தை எடுத்தார். ஒருமுறை பார்த்துவிட்டு அடெமாரிடம் கொடுத்தார். "இந்த ஜன்னல் எங்கேயாவது தென்பட்டா எனக்காக ஒரு தடவை எட்டிப் பாருங்க."

அடெமார் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நன்றி" என்றார். அவருக்குப் போதும் என்று அர்த்தம்.

நீலோ அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டான். துறை லாரியை அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்தில் போகும்படி அவன் கூரையேறிப் பேசியபோதே பெரிக்கிளிஸ் சொல்லியிருந்தார். ஜிலாவின் கார் மூவரையும் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கியது. ஹார்ன் சத்தம் தேய்ந்தது.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஜெனேசியோ விரலை எச்சில்படுத்தி உயர்த்திப் பார்த்தார். காற்று நின்றிருந்தது. தான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது அவருக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

பின்னால் படபடவென்று சத்தம். ஒடெட்டி கோழிகளைக் குச்சியால் ஓட்டிக்கொண்டு வந்தார். சாம்பல் லாரிக்குள் அல்ல. துறை லாரிக்குள். ஓட்டுநர் இருக்கையில் ஏற்கெனவே வைக்கோல் பரப்பியிருந்தது. பன்னிரண்டு கோழிகளும் ஏறிய பிறகு, கடைசியாகக் கர்னல் அவசரமே இல்லாமல் படியேறி உள்ளே போனது.

"ஒடெட்டிம்மா, என்ன பண்றீங்க? அது அரசாங்க லாரி."

ஒடெட்டி கர்னலுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, கொக்கியில் பூட்டை மாட்டித் திருகி, ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"அந்தப் பழசும் அரசாங்க லாரிதான்," என்றார். "முப்பத்தொரு வருஷத்துல அடித்தகடு இத்துப்போச்சு. அடெமார் இந்த நிலையத்தை மூட வந்தப்ப கொண்டாந்தது."